அக்காவைத் தூக்கப் பழகியவள்

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்குக் கனமான சாமான் எதையும் தூக்க வேண்டி வருவதில்லை. மூக்குக் கண்ணாடியின் சட்டம், எறும்பு அளவுக்கு ஒரு திருகாணி, துடைக்கிற மெல்லிய துணி, இவ்வளவுதான். தங்கையின் பாதி ஆயுள் இவற்றோடே ஓடிவிட்டது. சட்டத்தைச் சூடான காற்றில் காட்டி, வந்தவரின் காதுக்கும் மூக்குக்கும் ஏற்றபடி வளைத்துக் கொடுப்பதில் அவளுக்கு நல்ல பெயர் உண்டு. வேறு கடைக்குப் போய் வாங்கிய கண்ணாடியைக்கூட அவளிடம் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் இருந்தார்கள். ஆளும் அந்தச் சாமான்களைப் போலத்தான். காற்றடித்தால் பறந்துவிடுவாள் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அக்கா அவளைக் குச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

அக்கா இதற்கு நேர்மாறு. பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். ஏறி உட்கார்ந்தால் டிரைவர் சீட் நிறைந்துவிடும். குரலும் அதே அளவு. பின்சீட்டில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு அவள் வேன் அத்தை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணம் செய்து, தங்கள் பிள்ளைகளையும் அதே வேனில் ஏற்றிவிட்டார்கள். அவர்களுக்கும் அவள் வேன் அத்தைதான்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை செய்துகொண்டாள். அது சரிப்பட்டு வராமல், ஒரு மழைநாளில் பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஏன் வந்தாய் என்று அக்கா அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் அந்த வீட்டில்தான். கூடத்தில் அக்காவின் கட்டில், உள்ளறையில் தங்கையின் கட்டில், பின்பக்கம் சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை.

அக்காவின் வலது கையில்தான் முதலில் நடுக்கம் தெரிந்தது. கியர் மாற்றும்போது கை தனியாக ஆடுகிறது என்று சிரித்தாள். டாக்டர் நடுக்குவாதம் என்று சொன்ன மறுநாள், பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனைக் கழுவி நிறுத்தி, சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். முதலாளி வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார். ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆனால் தூங்க முடியாது என்றாளாம்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை சுருங்கியது. கதவு நிலையைத் தாண்டுவதற்குள் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவாள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள்.

அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. தங்கை ஓடிவந்து அக்காவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். போர்வையை அடியில் விட்டு இழுத்துப் பார்த்தாள். முதலில் அக்கா சிரித்துக்கொண்டுதான் கிடந்தாள்.

"விடுடி குச்சி. நீயும் விழுந்துட்டா ரெண்டு பேரையும் தூக்க ஆள் தேடணும்."

நேரம் போகப் போகச் சிரிப்பு நின்றது. தரை சில்லிட்டிருந்தது. அக்கா உள்ளே போகத்தான் எழுந்து வந்திருந்தாள். அடக்க முடியாமல் அங்கேயே போய்விட்டது. நைட்டி நனைந்து, தரையெல்லாம் பரவி, அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட ஓடினாள்.

அவர் தன் மச்சானோடு வந்தார். நல்ல மனிதர். முகம் சுளிக்கவில்லை. ஈரத்தைப் பார்க்காதவர் மாதிரி, இரண்டு பக்கமும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தார். ஒன்றும் இல்லை அத்தை, இதெல்லாம் எல்லாருக்கும் வருவதுதான் என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அக்கா அன்றும் மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. டீவியைப் போட்டால் அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அதற்கடுத்த நாள், தங்கை கடைக்குக் கிளம்பும்போது, சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவனுக்கு நான் ஷூ லேஸ் கட்டிவிட்டிருக்கேன்டி. முதல் சீட்டுல உக்காந்து தினமும் அழுவான். இனிமே விழுந்தா அப்படியே கிடந்துக்கறேன். அவனை மட்டும் கூப்பிடாத."

தங்கை சரி என்று தலையாட்டினாள். தலையாட்டிவிட்டாளே தவிர, வழி எதுவும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோதெரபிப் பெண் வீட்டுக்கு வந்து அக்காவுக்கு நடை பழக்கினாள். வயதில் சின்னவள், பேச்சு கறார். தரையில் கோடு போட்டு, அதைத் தாண்டித் தாண்டிக் கால் வைக்கச் சொன்னாள். அவள் கிளம்பும்போது தங்கை வாசலில் நிறுத்தி, விழுந்தவரை ஒரே ஆளாகத் தூக்குவது எப்படி என்று கேட்டாள். அந்தப் பெண் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். அங்கே கிடந்த நாற்காலியைக் காட்டி, கையை எங்கும் ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னாள். தங்கை எழுந்தாள். இன்னொரு முறை என்றாள். எழுந்தாள். இன்னொரு முறை என்றபோது தொடை வெடவெடவென்று ஆட, பொத்தென்று நாற்காலியிலேயே விழுந்தாள்.

"முதல்ல உங்களையே உங்களால தூக்க முடியலையேம்மா" என்றாள் அந்தப் பெண். கிண்டலாகச் சொல்லவில்லை.

உள்ளே திரும்பி வந்து சொல்லிக் கொடுத்தாள். ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை, எதையும் வாங்க வேண்டியதில்லை, ஒரு சுவரும் நாற்காலியும் போதும் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரிலிருந்து ஒரு எட்டு தள்ளி நின்று, உள்ளங்கைகளைப் பதித்து, நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுவது. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்குவது. வாசல் படியில் ஏறி இறங்குவது. மூச்சை அடக்கக் கூடாது. தசை வலித்தால் பரவாயில்லை, மூட்டு வலித்தால் நிறுத்திவிட வேண்டும். ஒரு நாள் செய்தால் மறுநாள் ஓய்வு. ஆசைப்பட்டு ஒரேயடியாகக் கூட்டக் கூடாது. ஆளைத் தூக்குவதற்குக் கையை நம்பாதீர்கள், ஒட்டிப் பிடித்துக்கொண்டு காலால் எழுந்திருங்கள் என்று தன்னையே அக்காவாக வைத்துக் காட்டினாள். தரையில் கிடப்பவரை ஒருக்களித்து, முட்டி போடவைத்து, முன்னால் நாற்காலியைக் கொடுத்து எழுப்பும் முறையையும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையிலேயே தங்கை ஆரம்பித்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டிய பிறகு இதென்ன கூத்து என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டு, என்னடி பண்ணுகிறாய் என்று அக்கா கூப்பிட்டாள். விஷயம் தெரிந்ததும் கூடத்துக்கு வந்து செய்யச் சொன்னாள். தலையணையில் சாய்ந்துகொண்டு, அன்றிலிருந்து அக்காதான் வேடிக்கை பார்க்கும் கூட்டம். சுவரைத் தள்ளும்போது, சுவர் சாய்ந்து வீட்டுச் சொந்தக்காரர் வந்து கேட்டால் நான் பொறுப்பில்லை என்பாள். இடுப்பை உயர்த்தும்போது, பழைய வேன் மேடு ஏறுகிற மாதிரி மூச்சு விடுகிறாயே என்பாள். சிரிப்பு வந்தால் செய்ய முடியாது, பேசாமல் இரு என்று தங்கை கெஞ்சுவாள்.

முதல் வாரம் உடம்பு முழுக்க வலி. கடையில் கீழ் டிராயரைத் திறக்கக் குனிந்தவள் எழுந்திருக்க முடியாமல், ஏதோ தேடுவது போல அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பல் விளக்கக் கையைத் தூக்கினால் வலித்தது. பாதியில் விட்டுவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் அந்த ஈரத் தரையும் அக்கா மூடிக்கொண்ட கண்ணும் நினைவுக்கு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த முறை உட்கார்ந்து எழுவாள்.

வலி மெல்ல மெல்லப் போனது. சுவரை விட்டுச் சமையல் மேடைக்கு மாறினாள். மேடையில் கையை ஊன்றி உடம்பைச் சாய்த்து இறக்கி ஏற்றினாள். பிறகு நாற்காலியின் இருக்கையில் கையை ஊன்றிச் செய்தாள். வேனில் யாரோ விட்டுப் போய், கேட்டு வராமல் தங்கிவிட்ட ஒரு பள்ளிப் பை பரணில் இருந்தது. அதில் அரிசிப் பொட்டலங்களைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். பொட்டலம் ஒன்று கூடியது, பிறகு இன்னொன்று. இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு பின்வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். அக்கா, தண்ணீர் சிந்தினால் துடைக்கவும் நீதான், பார்த்து நட என்பாள்.

அக்கா மறுபடி விழுந்தபோது மழைக்காலம் வந்திருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கை பிசியோ பெண் சொன்னதை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள். ஒருக்களிக்க வைத்தாள். முட்டி போடவைத்தாள். நாற்காலியைக் கொடுத்தாள். பின்னாலிருந்து இடுப்பை ஒட்டிப் பிடித்து, காலை அகட்டி, மூச்சை விட்டபடி எழுந்தாள். அக்காவும் கூடவே எழுந்துவிட்டாள். இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள்.

"பரவால்லடி. உடம்புல கொஞ்சம் சதை வெச்சிருக்கே" என்றாள் அக்கா.

அன்று தங்கை கடைக்குத் தாமதமாகப் போனாள். காரணம் கேட்ட முதலாளியிடம் ஒளிக்காமல் சொன்னாள். லென்ஸ் தேய்க்கிறவரிடம் சொன்னாள். பவர் ஏற்றிக்கொள்ள வந்த ஒரு பெரியவரிடம்கூடச் சொன்னாள். பிசியோ பெண்ணுக்குப் போன் செய்து சொன்னாள். வாழ்க்கையில் எதற்கும் பெருமை அடித்துப் பழக்கமில்லாதவள், அன்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தூக்குவது நாளுக்கு நாள் எளிதானது. குளிக்கவைக்க, கட்டிலில் நகர்த்த, நாற்காலியில் உட்காரவைக்க, எதற்கும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. முன்பெல்லாம் தூக்கி முடித்ததும் மூச்சு வாங்கும். இப்போது பேசிக்கொண்டே தூக்கினாள். ஒரு நாள் விளையாட்டாக அக்காவைக் கைகளில் ஏந்தியே தூக்கிவிட்டாள். ஐயோ, இறக்கிவிடுடி பாவி என்று அக்கா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். அரிசிப் பைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தங்கை சொன்னாள்.

அந்த நாட்களில் பின்வாசலுக்கு வருகிற நாய் ஒன்று கொழுத்துக்கொண்டே போனது. இதுவும் உன்னைப் பார்த்து உடற்பயிற்சி செய்கிறதோ என்னவோ என்று அக்கா சொல்ல, இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

குளிர் ஆரம்பித்த சமயம் அக்காவுக்கு இருமல் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே சக்கர நாற்காலியோடு ஏற்றி எடை பார்க்கிற மேடை இருந்தது. நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், பழைய சீட்டைப் பார்த்தாள், மறுபடியும் நாற்காலியை நேராக நிறுத்தி எடை போட்டாள். பிறகு டாக்டரைக் கூப்பிட்டாள். அக்காவின் எடையில் கணிசமான பங்கு காணாமல் போயிருந்தது.

விழுங்கும் தசைகளும் இந்த நோயில் தளர்ந்துபோகும் என்று டாக்டர் விளக்கினார். சாப்பாடு தொண்டையில் நிற்கும், சில நேரம் மூச்சுக்குழாய்க்குள் போகும், இருமல் அதனால்தான் என்றார். இவ்வளவு இளைத்திருக்கிறாரே, கூடவே இருந்தும் கவனிக்கவில்லையா என்று கேட்டார். அவர் திட்டவில்லை, கேட்டார். அவ்வளவுதான்.

"நான்தான் பலமாயிட்டேன்னு நெனச்சேன்" என்றாள் தங்கை.

டாக்டருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவைக் கட்டிலில் இறக்கியபோது, தினமும் குளிப்பாட்டித் தூக்கிய கைகளுக்கு இப்போதுதான் தெரிந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. நைட்டியின் பின்பக்கத்தில் மடிப்பு வைத்து ஊக்கு குத்தியிருந்தது. நடுங்குகிற கையால் அக்கா எப்படிக் குத்தினாள் என்று யோசித்தாள். மத்தியானம் எட்டிப் பார்த்துப் போகும் எலக்ட்ரீஷியனின் மனைவிதான் குத்திவிட்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. சொல்ல வேண்டாம் என்று அக்கா அவளிடம் கேட்டுக்கொண்டாளாம். தங்கை டப்பாவில் வைத்துவிட்டுப் போன மத்தியானச் சாப்பாட்டில் பெரும்பகுதியும் அவள் கையால் பின்வாசல் நாய்க்குத்தான் போயிருந்தது.

தங்கை அழவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டாள். அக்காவின் பேச்சு அதற்குள் குழறத் தொடங்கியிருந்தது. நிதானமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள்.

"உன்னை நான் அவ்ளோ சந்தோஷமா பாத்ததே இல்லடி. எதுக்குக் கெடுக்கணும்?"

அதன் பிறகு கஞ்சியாகவும் கூழாகவும் கரைத்து, ஸ்பூனில் எடுத்து, ஒவ்வொரு வாய்க்கும் இடைவெளி விட்டுக் கொடுத்தாள். கடையில் மத்தியானம் வரை மட்டும் வேலை என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எடை ஏறவில்லை. பொட்டலங்கள் போட்ட பையோடு உட்கார்ந்து எழுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை, நிறுத்த அக்கா விடவில்லை. கூட்டம் வந்து காத்திருக்கிறது, ஆட்டத்தை ஆரம்பி என்பது போலக் கண்ணைக் காட்டுவாள். அக்காவைவிட அந்தப் பை கனமாக இருப்பது போல ஒரு நாள் தங்கைக்குத் தோன்றியது. அன்று சமையலறைக்குப் போய் பையிலிருந்து பாதியை எடுத்துவிட்டாள். ஒவ்வொரு காலையும் அக்காவின் அடியில் கையை விடும்போது, இன்றைக்குக் கொஞ்சம் கனமாக இருக்கக் கூடாதா என்று மனம் ஏங்கும். தூக்க முடியாமல் திணற வேண்டும், மூச்சு வாங்க வேண்டும். அப்படி ஒரு நாளும் நடக்கவில்லை. கை நோகாமல் அக்கா மேலே வந்தாள்.

கோடை தொடங்குவதற்கு முன்பு, ஒரு காலையில், குளிப்பாட்டித் துடைத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்திருந்தாள். கூழைக் கரைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அக்காவின் தலை தோளில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டாள். கன்னத்தைத் தட்டினாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். கூழைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அக்காவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுங்கிக்கொண்டே இருந்த கை மடியில் அசையாமல் கிடந்தது.

அவள் உடனே யாரையும் கூப்பிடவில்லை. எழுந்து, காலை அகட்டி நின்று, அக்காவை நெஞ்சோடு ஒட்டி அணைத்துத் தூக்கினாள். உயிர் போன உடம்பு கொஞ்சம் கூடுதலாகக் கனத்தது. அந்தக் கனத்தை இறக்க மனம் வராமல் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். பிறகு கட்டிலில் கிடத்தினாள். நைட்டியை மாற்றினாள். அக்காவுக்குப் பிடித்த நீலச் சேலையை உடுத்தி, தலை வாரி, தாடையைத் துணியால் கட்டி, போர்வையைச் சரியாக இழுத்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். எலக்ட்ரீஷியன் வந்து கட்டிலருகே நின்று, வேன் அத்தை என்று ஒரு முறை சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை போலத் தேம்பினார்.

துக்கத்துக்கு ஏகப்பட்ட பேர் வந்தார்கள். பாதிப் பேர் வேனில் போனவர்கள். எந்த சீட்டில் உட்கார்ந்தோம் என்று ஒவ்வொருவரும் தங்கையிடம் சொன்னார்கள். அவள் கேட்டுக்கொண்டாள்.

பிறகு வீடு காலியானது. தங்கை பழையபடி முழுநேரமும் கடைக்குப் போனாள். நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தவில்லை. உடற்பயிற்சியைத் தொடவே இல்லை. மேல் தட்டிலிருந்த சட்டப் பெட்டியை ஒரு நாள் ஒற்றைக் கையால் இறக்கிவைத்தாள். லென்ஸ் தேய்க்கிறவர், அடேயப்பா, நல்ல பலம் உங்களுக்கு என்றார். அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வர வெகு நேரமானது. சில மாதங்களில் கையும் காலும் பழையபடி ஆகிவிட்டன. உழைத்துச் சேர்த்தது இவ்வளவு சீக்கிரம் கரையும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

பிசியோ பெண் வேறு எதற்கோ போன் செய்தபோதுதான் அக்கா இறந்தது அவளுக்குத் தெரிந்தது. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள் அம்மா என்றாள்.

"இனிமே யாரைத் தூக்கப் போறேன்?" என்று தங்கை கேட்டாள்.

அந்தப் பெண், தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தானாகத்தான் வந்தது. ஒரு காலையில் துணி காயப்போடும்போது தங்கைக்குக் கால் இடறியது. விழவில்லை, கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே நின்று, விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தாள். உள்ளே கூப்பிடுவதற்கு ஒருவரும் இல்லை. வாசல் கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. அன்று கடைக்குப் போவதற்கு முன் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். தொடை வெடவெடத்தது. ஆரம்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இப்போதும் செய்துகொண்டிருக்கிறாள். சுவர், நாற்காலி, வாசல்படி. கடைசியாக, தானே தரையில் படுத்து, விழுந்து கிடப்பவள் மாதிரி எழுந்து பார்க்கிறாள். ஒருக்களித்து, முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் வைத்து. பெரும்பாலும் எழுந்துவிட முடிகிறது. சில நாள் படுத்த பிறகு எழுந்திருக்கவே தோன்றுவதில்லை. கடைக்கு நேரமாகும் வரை அப்படியே கிடக்கிறாள்.